சொர்ணம் சொன்ன பதில்

நல்லூர்
18-2-1968

மாமாவுக்கு,

கோபம் குறைந்த பிறகு எழுதலாம் என்று பத்து நாள் பொறுத்திருந்தேன். குறையவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை நீங்கள் என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவிடம் சொன்னது நான்தான்.

சொல்ல வேண்டும் என்று வரவில்லை. ஐந்து மாத வயிற்றோடு தனியாகப் பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் பார்த்ததும் அம்மா, "என்னாடி, சண்டையா?" என்று கேட்டாள். "அவரு ஈஸ்டருக்கு வேதத்துல சேரப் போறாராம்" என்று சொல்லி அழுதுவிட்டேன். கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவை நான் கவனிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. "இனிமே நீ அங்க போவ வாணாம்" என்றார். அவ்வளவுதான்.

நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரே ஒரு மாற்றுப் புடவையோடு வந்தவள் நான். இப்போது கிணற்றடிக்குப் போனாலும் சித்தி கூடவே வருகிறாள். தங்கச்சி கனகாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "அக்கா வூட்டுக்காரன் வேதக்காரன்னு தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

கிறிஸ்தவ வேதத்துக்குப் போகட்டுமா என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னீர்கள். அதுவும் நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது. பழமலை என்ற பெயரையும் மாற்றிக்கொள்வீர்களா? அதையும் சொல்லிவிடுங்கள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பா பெயர் சொல்லித்தர வேண்டும்.

சொர்ணாம்பாள்

விருத்தாசலம்
27-2-1968

அன்புள்ள சொர்ணத்துக்கு,

வேலை முடிந்து பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொல்வது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், பிறகு எனக்குத் தைரியம் வராது என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன்.

போன வருடம் சூளை ஆறுவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கதவைத் திறந்து என் இரண்டு கையும் வெந்துபோனது. உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்கச் சர்ச் உபதேசியார் ராஜாங்கம் வருவார். நீ வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். ஒரு மாதத்துக்கு மேல். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நானே கேட்டேன், "எதுக்குங்க இதெல்லாம் செய்யிறீங்க?"

"என்னய ஒருத்தர் கூப்புட்டாருங்க, போனேன். உங்களயும் கூப்புடுறாரு. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றார்.

என்னை வேலைக்கு விரட்டியிருக்கிறார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் கடமை என்று இழுத்திருக்கிறார்கள். உன் இஷ்டம் என்று சொல்லி என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை சொர்ணம். அதை எப்படி விடுவேன்?

ஏப்ரல் பதினாலு ஈஸ்டர். அன்றைக்கு ஞானஸ்நானம் என்று போதகர் குறித்துவிட்டார். பெயரை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஆயா கொளஞ்சியம்மாள் எனக்குப் பெரியம்மா முறை. அவரிடம் ஒரு சிறிய சுவிசேஷப் புத்தகம் கொடுத்தனுப்புகிறேன். படித்துப் பார். கனகாவின் கல்யாணத்தைப் பற்றி நீ கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை.

பழமலை

நல்லூர்
20-3-1968

மாமாவுக்கு,

இனித் தபாலில் எழுதாதீர்கள். கடிதம் வந்தால் தன்னிடம்தான் தர வேண்டும் என்று தபால்காரரிடம் அப்பா சொல்லிவிட்டார். நல்லவேளை, போன கடிதம் அதற்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் வாரம் ஒரு தடவை என் வயிற்றைப் பார்க்க வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தைப் படித்தேன். அந்த மனிதர் நல்லவர்தான். நான் கேட்பது வேறு. உங்களைக் கூப்பிட்டவர் என்னைக் கூப்பிடவில்லையே. நாம் ஒரே வீட்டில்தானே இருந்தோம். வீட்டுக்கு வந்து ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு இன்னொருவரை விட்டுவிட்டுப் போவது என்ன மரியாதை?

புத்தகம் வந்தது. பிரிக்கவில்லை. நான் படுக்கும் அறையில் விதைக்கடலை மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அடி மூட்டைக்குக் கீழே செருகிவிட்டேன்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று எனக்காகத் திட்டக்குடி வரை போய் மாதுளம்பழம் வாங்கி வந்தார். உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "உன்ன அடிச்சனா, பட்டினி போட்டனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் ஏம்மா ஜெயில்ல இருக்கற மாதிரி மூஞ்ச வச்சிருக்க?" என்றார்.

சொர்ணாம்பாள்

விருத்தாசலம்
20-4-1968

அன்புள்ள சொர்ணத்துக்கு,

ஈஸ்டர் போய்விட்டது. நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. உனக்குத்தான் அவளைத் தெரியுமே, ஆராயி ஒன்று சொன்னால் சொன்னதுதான். "வாசுகி கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் நீ எந்தக் கோயிலுக்கு வேணாலும் போ" என்றாள். என் தங்கச்சி கல்யாணம் வைகாசியில். நான் இப்போது சேர்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீ கேட்ட அதே கேள்வி, இந்த வீட்டிலும்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்தார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம்தான். கல்யாணம் முடியட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் எடுக்கவில்லை என்பதை உன் அப்பாவிடம் சொன்னால் உன்னை அனுப்புவாரா? கேட்டுப் பார்.

பழமலை

நல்லூர்
2-7-1968

மாமாவுக்கு,

ஆனி ஐந்தாம் தேதி புதன்கிழமை பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் கொளஞ்சியம்மாளும் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் நெற்றி, என் நிறம். நீங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போனதை அறிவேன். பார்க்க விடக்கூடாது என்பது அப்பா முடிவு. நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்று சொன்னேன். "நாளைக்கு எடுப்பானே" என்றார். நாலு பெரியவர்கள் முன்னால், இனி எப்போதும் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் என்னையும் பிள்ளையையும் அனுப்பிவிடுவாராம். பெயர்கூட அதற்குப் பிறகுதான் வைப்பாராம். இப்போதைக்குப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்னொன்று. புத்தகத்தை எடுத்தேன். பக்தியால் அல்ல. நாற்பது நாள் தீட்டு என்று இந்த அறையிலேயே இருக்கிறேன். ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, வானம்தான் தெரியும். பிள்ளை தூங்கும்போது படிக்க வேறொன்றும் இல்லை.

அதில் ஒரு கதை, ஒரு பெரிய மனிதர் விருந்து வைக்கிறார். எல்லாரையும் கூப்பிடுகிறார். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறேன், பார்க்கப் போக வேண்டும் என்கிறான். ஒருவன் மாடு வாங்கியிருக்கிறேன் என்கிறான். ஒருவன், கல்யாணம் ஆகியிருக்கிறது, வர முடியாது என்கிறான். படித்துவிட்டு உங்கள் சித்திரை மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். பிள்ளை விழித்துக்கொண்டது.

சிரித்து முடித்ததும் வேறொன்று தோன்றியது. வராதவர்களுக்குப் பதிலாக அந்த மனிதர் யாரை உள்ளே அழைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். தெருவில் கிடப்பவர்களை, நடக்க முடியாதவர்களை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொர்ணாம்பாள்

விருத்தாசலம்
15-9-1968

அன்புள்ள சொர்ணத்துக்கு,

வாசுகி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உடனே எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

சூளை மேஸ்திரி ஓய்வு பெறுகிறார். அடுத்தது என் முறை. முதலாளி வருடா வருடம் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்து போகிறவர், ஆயுத பூஜை அன்று சூளைக்குத் தேங்காய் உடைப்பது மேஸ்திரிதான். இப்போது நான் சேர்ந்தால் அந்த வேலை கிடைக்காது. மேஸ்திரி ஆன பிறகு யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கிறிஸ்துமஸ் வரை பொறுக்கலாம் என்றிருக்கிறேன். நீ மறுபடியும் சிரிப்பாய். சிரி.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாது. மூன்று மாதம் ஆகிறது. காலையில் அடுக்கிய சாமான் எல்லாம் சிவந்து நிற்பதைச் சூளை ஓட்டை வழியாகப் பார்க்கும்போது, என் பிள்ளையைக்கூட இப்படி ஒரு ஓட்டை வழியாகத்தான் பார்ப்பேனோ என்று நினைப்பு வருகிறது.

பெரியப்பா ஆதிநாராயணன் உன் அப்பாவிடம் பேசிவிட்டார். புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரோடு வருகிறேன். எப்படியாவது உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். பெட்டியைக் கட்டி வை.

பழமலை

நல்லூர்
14-10-1968

மாமாவுக்கு,

நேற்று நான் ஏன் வரவில்லை என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நினைத்திருப்பீர்கள். பெட்டி கட்டித்தான் வைத்திருந்தேன். பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டது.

அப்பா, "தண்ணி தெளிச்சிக்கிட்டியா?" என்று கேட்டார். "இல்லீங்க மாமா" என்றீர்கள். அது உண்மை. "இனிமே?" என்றார். உங்கள் பெரியப்பா, "சொல்லுடா, எடுத்துக்க மாட்டேன்னு சொல்லு" என்றார். "எடுத்துக்க மாட்டேன்" என்றீர்கள். "அந்த சாமியக் கும்பிட்டது உண்டா?" என்று அப்பா கேட்டார். "சும்மா ஆஸ்பத்திரியில பழக்கமுங்க. அதுல எனக்கு நம்பிக்கயெல்லாம் இல்ல" என்றீர்கள். சத்தியம் பண்ணு என்றார். பண்ணினீர்கள்.

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன். "கெளம்பும்மா" என்றார். நான் வெளியே வந்து ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். "நான் போவலப்பா" என்றேன்.

ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். உடம்பு சரியில்லை என்று அவராகவே உங்களிடம் சொல்லிக்கொண்டார்.

போன மாசியில் உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டதும் இஷ்டப்பட்டுப் போகிற ஆள் என்று மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. நேற்று எனக்காக அதை விற்றுவிட்டீர்கள். அந்த விலையில் என்னால் வெளியே வர முடியவில்லை. அதுமட்டும் இல்லை. நீங்கள் நம்பிக்கை இல்லை என்று சொன்னபோது, கதவுக்கு இந்தப் பக்கம் என் வாய், எனக்கு உண்டு என்று முணுமுணுத்தது. அதைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

சொர்ணாம்பாள்

விருத்தாசலம்
10-11-1968

சொர்ணத்துக்கு,

உன்னை மீட்க வேண்டும் என்று என்னையே கேவலப்படுத்திக்கொண்டேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று குற்றம் எண்ணினாய். கூட வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ரகசியமாக எடுத்திருப்பேன். உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

இப்போது நான் எங்கும் இல்லை. கோயிலுக்குப் போனால் கூசுகிறது, சர்ச்சுக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். மேஸ்திரி வேலை கிடைத்துவிட்டது. தேங்காய் உடைத்தேன். பெரியப்பா ஊர் முழுக்க நான் திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர்.

உனக்குத் தைரியம் இருக்கலாம். உன்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

பழமலை

நல்லூர்
19-1-1969

மாமாவுக்கு,

உங்கள் கடைசி வரிக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது என்னிடமும் கேட்டுவிட்டார்கள்.

மார்கழி கடைசியில் விதைக்கு மூட்டை எடுக்க அப்பா வந்தார். புத்தகம் அகப்பட்டது. "அவன் அனுப்புனானா?" என்றார். ஆமாம், ஆனால் படித்தது நான் என்றேன். "படிச்சா? என்னா இப்ப, நீயும் போறியா?" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் உங்களைப் போலத்தான் இருந்தது. பிள்ளை அம்மா இடுப்பில் இருந்தது. கனகா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆசாரி வந்து இந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். என் எதிரிலேயே அளவெடுத்தார். சாப்பாட்டுக்கும் குளிக்கவும் திறக்கிறார்கள். பால் குடிக்க மட்டும் பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள். "போறதுன்னா நீ மட்டும் போ, புள்ள இங்க இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். கொளஞ்சியம்மாள் காகிதம் கொண்டுவரும்போது அம்மா பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

முதல் மூன்று நாள் கதவைத் தட்டினேன். நாலாம் நாள் காலையில் தட்டுவதை நிறுத்திவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். புத்தகத்தையும் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் சொல்லித்தராததால் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. நம் வீட்டுக்கு யாராவது வந்து கூப்பிட்டால் என்ன சொல்வோமோ அதையே சொன்னேன். "வரேங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். எங்கே போவேன், கதவு பூட்டியிருக்கிறது. ஆனாலும் சொன்ன பிறகு அழுகை வந்தது, பிறகு பசித்தது. வீட்டுக்கு வந்து ஒருவரை மட்டும் கூப்பிட்டார் என்று எழுதினேனே, அது தப்பு. என்னைக் கூப்பிட நான் தனியாக இருக்கும்வரை காத்திருந்தார் போலிருக்கிறது.

இது உங்களுக்காகச் சொன்ன பதில் இல்லை. நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என் பதில் இதுதான். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொர்ணாம்பாள்

விருத்தாசலம்
7-4-1969

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நேற்று ஈஸ்டர். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்தபிறகு ஒரு மாதம் வேலையில் கவனம் இல்லாமல் திரிந்தேன். பிறகு உபதேசியார் வீட்டுக்குப் போய், சத்தியம் பண்ணி மறுத்ததை எல்லாம் சொன்னேன். "இனிமே எனக்கு எடம் இருக்குமாங்க?" என்று கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கூப்புட்டவரு வாபஸ் வாங்கலியே" என்றார்.

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை, மறுபடி சாமான் அடுக்கப் போகச் சொல்லிவிட்டார். பெரியப்பா பேசுவதில்லை. அம்மா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்காராமல் போய்விடுகிறாள். வாசுகி வீட்டில் என்ன நடக்கிறதோ தெரியவில்லை. எல்லாரும் சொன்ன பயம் எல்லாம் உண்மைதான். ஒன்றும் பொய்யாகப் போகவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வருகிறேன். உன்னை அனுப்பு என்று கேட்க அல்ல. அன்று நான் சொன்னது பொய் என்று அதே வாசலில் நின்று உன் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அவர் கதவைச் சாத்துவார். அடுத்த ஞாயிறும் வருவேன்.

பழமலை

நல்லூர்
5-5-1969

மாமாவுக்கு,

முதல் ஞாயிறு நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இந்த அறை வரை கேட்டது. "மாமா, அன்னிக்கி நான் சத்தியம் பண்ணது பொய்யிங்க. அந்த சாமிய நம்புறேன். உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிச்சிக்கிங்க" என்றீர்கள். அப்பா கதவைச் சாத்தினார். இரண்டாவது ஞாயிறு உங்கள்மேல் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியதாகக் கொளஞ்சியம்மாள் சொன்னார். அதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. அந்த வாரமே கனகாவுக்குப் பேசியிருந்த வரன் தட்டிப்போனது. அவள் என் தட்டைக்கூடத் தொடுவதில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, அவளுக்காகத் தினமும் சாமியிடம் கேட்கிறேன்.

நேற்று நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

மத்தியானம் அப்பா கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னும் நிக்கிறானா?" என்று கேட்டார். "நிக்கிறாரு. வெயிலு கொளுத்துது" என்றாள் அம்மா. "யாரு நிக்கச் சொன்னா?" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து, அம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கதவிடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கூடத்தைத் தாண்டி ஒரு துண்டு வெளிச்சம்தான் தெரிந்தது. பிள்ளை அழுதது, பிறகு நின்றது. நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்று புரிந்தது. பத்து மாதம் கழித்து. நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்து பிள்ளையை என் மடியில் விட்டார். நின்றுகொண்டே கேட்டார். "அவன் சாமானியத்துல வுடமாட்டான்போல. நீ சொல்லு. நீயும் அந்த சாமியக் கும்புடுறியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. இல்லை என்று சொன்னால் அந்தக் கண் ஆறும். பிள்ளை என்னோடேயே இருக்கும். கனகா பேசுவாள்.

"ஆமாப்பா. மாமாவுக்காவ இல்ல. என்னயும் கூப்புட்டாரு. நான் வரேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"எப்ப சொன்ன?"

"தைக்கி முன்னாடி. இந்த ரூம்புலதான்."

அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார், யாராவது இருக்கிறார்களா என்று தேடுவது போல. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுவாரோ மாட்டாரோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். போட்டார். ஆனால் பிள்ளையை வாங்கிக்கொண்டு போகவில்லை. இப்போதும் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறும் வாருங்கள். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வாருங்கள்.

சொர்ணாம்பாள்